வாடகைக் காகம்

"ரிப்பேருக்கு வந்தீங்களா தம்பி?" என்றபடி பிரேமாவதி அக்கா கதவைத் திறந்தார். "இன்னைக்கு அப்பாவுக்குத் திதி. வாடகைக்குச் சொன்ன மெஷின் காக்கா வந்து உக்காந்திருக்கு, ஆனா சோத்தைத் தொடாம கத்திக்கிட்டே இருக்கு. அது எடுத்தாத்தானே நாங்க சாப்பிட முடியும்?"

நான் ரிப்பேர்காரன் இல்லை, அரிய பறவைகளைத் தேடி ஓடுகிறவன். திருநெல்வேலியில் நிஜமான காகம் ஒன்று தென்பட்டதாகச் செய்தி வந்ததும் மதுரையிலிருந்து ஓடி வந்து, கரையும் சத்தம் கேட்ட வீட்டின் கதவைத் தட்டியிருந்தேன். நான் பிறப்பதற்கு முன்பே இங்கே காகங்கள் அற்றுப்போய்விட்டன. போன வருஷம் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய் அவற்றைப் பார்த்தேன். குப்பைத்தொட்டிகளின் மேல் கூட்டங்கூட்டமாக இருந்தன. படம் எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

இங்கே மொட்டைமாடிச் சுவரில், சோற்றுருண்டைக்குப் பக்கத்தில், ஒன்றே ஒன்று நின்றது. அதன் நெஞ்சு மூச்சில் ஏறி இறங்கியது. கேமராவைத் தூக்க எனக்குக் கை வரவில்லை.

"அக்கா, இது நிஜக் காக்கா."

அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பின்னே ஏன் சாப்பிட மாட்டேங்குது?"

"கூட்டத்தைக் கூப்பிடுது."

காகம் வெறும் வானத்தைப் பார்த்து மறுபடி கரைந்தது.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கா... கா..." என்றார். காகம் தலையைச் சாய்த்தது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர் திரும்பிப் பார்த்துவிட்டு அவரும் கூப்பிட்டார். பிறகு எதிர்வீட்டுக் குழந்தைகள், பிறகு நான். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க மொட்டைமாடிகளில் நின்று கரைந்துகொண்டிருந்தோம்.

காகம் குனிந்து ஒரு பருக்கையை எடுத்தது.