பொன்னாடைக்கு ரெண்டு நிமிஷம்

ஓர் ஊரில் ஒரு சேவைச் சங்கம் இருந்தது. வியாழன்தோறும் கூடும். மேசை மணி அடித்ததும் கூட்டம் தொடங்கும். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். அதில் பொன் எதுவும் கிடையாது. படம் எடுத்ததும் விருந்தினர் பெருந்தன்மையோடு திருப்பித் தந்துவிடுவார். எல்லா வாரமும் அதே பொன்னாடைதான்.

“கலெக்டர், நீதிபதி, பெரிய டாக்டர், எல்லார் தோளிலும் இருந்திருக்கேன்” என்றது பொன்னாடை.

“ஆளுக்கு ரெண்டு நிமிஷம். யாருக்காவது குளிர் விட்டிருக்கா?” என்றது மணி.

ஒருவருடைய குளிரையாவது போக்க வேண்டும் என்பதுதான் பொன்னாடையின் ஆசையே.

மார்கழியில் சங்கம் கம்பளி வழங்கியது. வரிசைக் கடைசியில் நின்ற, சங்க வாசலில் பூ விற்கும் செவந்தியம்மாளுக்குக் கம்பளி இல்லாமல் போயிற்று. படம் எடுப்பவரோ அவசரப்படுத்தினார். செயலாளர் பொன்னாடையை எடுத்துப் போர்த்திவிட்டார். படம் எடுத்ததும் அவள் அதோடு வாசலுக்குப் போய்விட்டாள். சங்கத்தின் வழக்கம் அவளுக்குத் தெரியாது.

அடுத்த வியாழன் செயலாளர் வாசலுக்கு ஓடி வந்தார். “அம்மா, அந்தப் பொன்னாடையைக் கொஞ்சம் குடுங்க. ரெண்டு நிமிஷம்தான்.”

“ஏன் சாமி, உள்ளே வந்திருக்கிறவருக்கு ரொம்பக் குளிருதா?”

செயலாளருக்குப் பொய் வரவில்லை. அவளிடமே ஒரு மாலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மணி அடித்தது. “என்ன, ரெண்டு நிமிஷம் ஆச்சா?” என்று அங்கிருந்தே கேட்டது.

“இன்னும் ஆகலை” என்ற பொன்னாடை, செவந்தியம்மாளின் கழுத்தை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டது.