மாமனார் கைவண்ணம்

"இன்னைக்கு சூப் நம்ம கைவண்ணம்!"

மாமனார் சிவப்பு டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, சூப் பாத்திரத்தின் மேல் நாலு தட்டுத் தட்டினார். அதை இன்னும் ஒருவர்கூட வாயில் வைக்கவில்லை. செய்த மருமகள் கரண்டியோடு பக்கத்திலேயே நிற்கிறாள், மனிதர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

கணவன் ஒரு வாய் குடித்தான். முகம் அஷ்டகோணலாகியது. "என்னப்பா இது? நாக்கு மரத்துப் போச்சு! இதை மனுஷன் குடிப்பானா?"

"ஜப்பான்காரன் குடிக்கிறான்டா" என்று மாமனார் சிரித்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் வெந்தவள் அவள். கைவண்ணம் மட்டும் அவருடையதாம்.

கல்யாணமாகி நாலு மாதம். அவள் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற மாமனார், போனில் ஏதோ ஜப்பான் சமையல் வீடியோவைப் பார்த்துவிட்டு டப்பா டப்பாவாக வரவழைத்தார். எள்ளும் கடற்பாசியும் கலந்தது ஒன்று, மீன் தூள் கலந்தது ஒன்று, ஏழு சாமான் சேர்ந்த சிவப்பு டப்பா ஒன்று. அதற்குப் பெயர் ஷிச்சிமியாம். பெயரைச் சொல்லவே தனியாக ஒரு நாக்கு வேண்டும்.

அன்றிலிருந்து அவள் எதைச் செய்து வைத்தாலும் அதன் தலையில் பொடி விழுந்தது. கூடவே அந்தக் கைவண்ண அறிவிப்பும். பாடுபடுவது ஒருத்தி, பேர் வாங்குவது ஒருத்தர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேலை நாட்களில் மதியம் அவள் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து, அவளும் அவரும் மட்டும் சாப்பிடும்போது டப்பா அலமாரியை விட்டு இறங்காது. போட்டதைச் சத்தமில்லாமல் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிடுவார். மகன் வந்து உட்கார்ந்தால்தான் மேதாவித்தனமெல்லாம்.

"உங்கப்பாகிட்ட கொஞ்சம் சொல்லக் கூடாதா?" என்று கணவனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"தினம் அவரைத்தானே திட்டிக்கிட்டிருக்கேன்? இன்னும் என்ன பண்ணச் சொல்றே?" என்றான் அவன். டைல்ஸ் கம்பெனியில் ஓடு ஓடாகத் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிப்பது அவனுடைய உத்தியோகம்.

சரி, முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள். அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். பவர் கால் பாயிண்ட் பிசகினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிற இடம். அளவு என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு வாரம் ரகசியமாக டப்பாவோடு மல்லுக்கட்டினாள். மிளகாய், எள், இஞ்சி, கசகசா, கடற்பாசி, காய்ந்த ஆரஞ்சுத் தோல், நாக்கில் சுருசுருவென்று ஏறுகிற ஜப்பான் மிளகு என்று ஒவ்வொன்றாக மோந்து பிரித்தாள். வேகும்போது போட்டால் வாசனை செத்துவிடும், அடுப்பை அணைத்த பிறகுதான் தூவ வேண்டும் என்பது மூன்று முட்டைகளைப் பொரித்துப் பாழாக்கிய பிறகு தெரிந்தது. நாலாவது முட்டையில் இஞ்சி முதலில் வந்தது, பின்னாலேயே ஆரஞ்சுத் தோல் எட்டிப் பார்த்தது. அடுப்படியில் தனியாக நின்று சிரித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், வாட்டிய மீனை மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, இதுல உங்க ஏழு மசாலாவை நானே போட்டுட்டேன். அளவா போட்டிருக்கேன். இதுக்கு மேல யாரும் எதுவும் போட வேண்டாம்."

மாமனார் முகம் தொங்கிப் போயிற்று. ஓரத்தில் துளி மீனைக் கிள்ளி வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள்.

கணவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியை இழுத்தான். அவ்வளவுதான், மாமனார் ஒரே தாவாகத் தாவி டப்பாவை எடுத்தார். தட் தட் தட்டென்று தட்டியதில் மீன் சிவப்பாகிவிட்டது.

"இன்னைக்கு மீன் நம்ம கைவண்ணம்!"

ஒரு வாய் வைத்ததும் கணவன் தட்டைத் தள்ளினான். "போதும்ப்பா! உங்களால இந்த வீட்டுல ஒரு நாள் நிம்மதியா சாப்பிட முடியுதா?" வெறும் சாதத்தை ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

அவள் மாமனாருக்குப் பின்னாலேயே அடுப்படிக்குள் போனாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"நான் உங்களுக்கு என்ன மாமா பாவம் பண்ணேன்? அளவு தப்பா இருந்துச்சா?"

"தப்பா? இவ்வளவு ருசியா நான் மீன் சாப்பிட்டதே இல்லம்மா."

"அப்புறம் ஏன் கெடுத்தீங்க? ஒரே ஒரு நாள், இது என் சமையல்னு அவர் சாப்பிடக் கூடாதா?"

மாமனார் குழாயைத் திறந்து தட்டைக் கழுவத் தொடங்கினார். கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அத்தையும் நல்லாத்தான் சமைப்பா. ஒரு வேளைகூடக் குத்தம் சொல்லாம நான் சாப்பிட்டதில்ல. கண்ணை மூடுற வரைக்கும் கேட்டுக்கிட்டே போயிட்டா. அந்த வாய் அப்படியே இவனுக்கு வந்திருக்கு."

"அதுக்கும் இந்தப் பொடிக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

"நான் கை வைக்கலைன்னா, அவன் உன்னைத்தானேம்மா திட்டுவான்!"