படம் பார்த்த நடுவர்

"இது என்ன ஹெதர், படம் வெக்கிற இடமா, குப்பைத் தொட்டியா?"

ஊர்ச் சங்கத் தலைவர் மெர்வின் போட்ட சத்தத்தில் ஹெதர் கையிலிருந்த டீ தளும்பியது.

திரையில் ஆப்பிள் விளையும் அந்தச் சின்ன ஊரின் இணையதளம். அதற்குள் நாலாயிரம் படங்கள். 'ஐஎம்ஜி 4471', 'கடைசி', 'நிஜமாவே கடைசி', 'கடைசியின் நகல்' என்று பெயர்கள். எது யாருடையது என்று எடுத்தவருக்கே தெரியாது.

"எப்படி அனுப்புறாங்களோ அப்படியே ஏத்திடறேன் தலைவரே."

"அதான் லட்சணமா இருக்கு! வருஷா வருஷம் சோளக்கொல்லை பொம்மைப் போட்டி வெக்கிறோம். ஜெயிச்ச பொம்மைய ஊருக்குக் காட்டலாம்னா படம் கைக்குச் சிக்குதா? இனிமே அனுப்பினவங்க பேர்தான் படத்துக்குப் பேர். பேரைத் தட்டினா ஹால்ல பெரிய திரையில படம் வரணும். புரிஞ்சுதா?"

"பேர் போட்டா எது யாரோடதுன்னு நடுவருக்குத் தெரிஞ்சிடுமே? வெறும் நம்பர் போடட்டுமா?"

நடுவரும் மெர்வின்தான். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"பன்னெண்டு வருஷமா நடுவரா இருக்கேன். நான் ஆளப் பாக்குறவனா? பொம்மையப் பாக்குறவன்!"

மூன்று வருடமாக முதல் பரிசு அவர் மனைவியின் தங்கை நோலீனுக்குத்தான். பழத்தோட்டத்தில் பெட்டி கட்டும் சலோட்டேவுக்கு எப்போதும் இரண்டாவது. ஊருக்கே தெரியும். தெரிந்து யார் கேட்பது?

மறுநாள் சலோட்டே படம் கொடுக்க வந்தாள். பறவை வலையும் பழைய ரப்பர் பூட்ஸும் வைத்து அசல் கிழவி ஒருத்தியையே செய்து நிறுத்தியிருந்தாள்.

"அக்கா, இதுக்கும் ரெண்டாவதுன்னா இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன். அவரு என் பொம்மையப் பாக்குறாராங்கிறதே சந்தேகமா இருக்கு."

'நல்லா பார்ப்பார்' என்று சொல்ல ஹெதருக்கு மனசு வரவில்லை.

நாலு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் பெயர் மாற்றினாள். கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியாக வந்து சேர்ந்தது நோலீனின் படம். திறந்து பார்த்தவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'நோலீன்' என்று பெயர் போட்டு ஏற்றினாள்.

சனிக்கிழமை மதியம் ஹாலில் உட்கார இடமில்லை. மெர்வின் மேடையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாளை விரித்தார்.

"முதல் பரிசு வாங்கின பொம்மைய மணிக்கணக்கா உத்துப் பாத்தேன். வைக்கோல் அடைச்சிருக்கிற நேர்த்தி என்ன, கை கால் அமைஞ்சிருக்கிற அழகு என்ன! உயிருள்ள மனுஷனோன்னு ஒரு நிமிஷம் நானே ஏமாந்துட்டேன். நோலீன்!"

ஹெதர் பெயரைத் தட்டினாள். படம் சுவர் அளவுக்கு விரிந்தது.

மெர்வின்.

தன் வீட்டுப் புல்தரையில், மடக்கு நாற்காலியில், வாய் பிளந்து, தொப்பை சட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்க, கைகள் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்க, நல்ல தூக்கம். காலடியில் இரண்டு காக்கைகள் பயமில்லாமல் ரொட்டித் தூள் பொறுக்கிக்கொண்டிருந்தன.

ஹாலே அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த கேக் வெளியே வந்துவிட்டது.

"ஹெதர்! படத்த மாத்தி வெச்சுட்டே! யார் படத்துக்கு யார் பேரு?"

"மாத்தலை தலைவரே. நீங்க சொன்னபடி அனுப்பினவங்க பேரத்தான் போட்டிருக்கேன்."

அதற்குள் நோலீன் மேடையேறி முதல் பரிசுக்கான நீல ரிப்பனை எடுத்துக்கொண்டாள். நேரே இறங்கிப் போய் அதைச் சலோட்டேவின் சட்டையில் குத்திவிட்டாள். சலோட்டேவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. நோலீன் மேடைக்குத் திரும்பி மைக்கை வாங்கினாள்.

"நான் எந்த வருஷமும் பொம்மை செஞ்சதே இல்லீங்க. மொதல் தடவை விளையாட்டா, வேலியில மாட்டியிருந்த பழைய கோட்டு ஒண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன். எங்கக்கா வீட்டுக்காரர் பரிசு குடுத்துட்டார். வாங்கிக்கிட்டது என் தப்புதான். போன வருஷம் மூலையில நின்ன துடைப்பத்த அனுப்பினேன், அதுக்கும் குடுத்தார். அதான் இந்த வருஷம், துடைப்பத்தவிட வேலை செய்யாதது எங்க குடும்பத்துல ஏதாவது இருக்கான்னு தேடிப் பாத்தேன்."