மொழி தெரிந்த மாடு

“இந்த மாட்டை நீங்களே வெச்சுக்கோங்க, மெவ்லூத் அண்ணே. இதோட என்னால மல்லுக்கட்ட முடியல.”

கடற்கரையில் குடியிருக்கும், தனி மொழி பேசும் லாஸ் இனத்துக்காரர் யாக்கூப், மாட்டைப் பிடித்துக்கொண்டு ஹோபா மலையேறி வந்து வாசலில் நின்றார். வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கூப்பிட்டால் வராதாம், பின்னால் போனால் உதைக்குமாம், மடியில் கை வைத்தால் பாலை அடக்கிக்கொள்ளுமாம். அவர் அடுக்க அடுக்க மெவ்லூத்தின் முகம் சிவந்தது.

மாடு திரும்பி வந்தால் மெவ்லூத்தின் மானம் போச்சு. சந்தையில் பத்துப் பேர் முன்னால் நெஞ்சில் கை வைத்து, ஒரு குறையும் இல்லாத மாடு என்று சத்தியம் செய்தவர் அவர். அந்த மலையில் மெவ்லூத் சொன்னால் சொன்னதுதான். இத்தனைக்கும் கொட்டிலுக்குள் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை. அதெல்லாம் தங்கை நாஜியேயின் பாடு.

நாஜியேவுக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கும் அண்ணன் சொன்ன சொல்தான் காரணம். ஹோம்ஷெட்சி பேசத் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது என்று எப்போதோ டீக்கடையில் சொல்லித் தொலைத்தார். அது அவர்களுடைய பேச்சு, அர்மீனிய மொழியின் மலைக் கிளை. அதைப் பேசிய இளவட்டமெல்லாம் இனிப்புக் கடை வைக்க இஸ்தான்புல் போய், அங்கேயே துருக்கி பேசிக் குடித்தனம் நடத்தியது. ஊரில் மிஞ்சிய மாப்பிள்ளைகளுக்கோ வாயில் பல் இல்லை. அதற்காகச் சொன்ன சொல்லை விழுங்க மெவ்லூத்துக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

நாஜியே முதுகிலிருந்த தேயிலைக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். யாக்கூப்பை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க அதுகிட்ட எந்த பாஷையில பேசினீங்க?”

“துருக்கியிலதான். அப்புறம் கோபம் வந்து லாஸ்ல திட்டினேன்.”

“அதான் விஷயம். பொறந்ததுலேருந்து எங்க வீட்டுப் பேச்சுலயே வளர்ந்த ஜீவன். புது பாஷைன்னா மிரளாதா?”

சொல்லிவிட்டு மாட்டுக்கு எதிரே போய் நின்றாள். உப்பு தடவிய உள்ளங்கையை நீட்டி, ஹோம்ஷெட்சியில் ‘வாடி கண்ணு’ என்றாள். மூன்று நாளாக ஆட்டம் காட்டிய மாடு, சாதுவாக நடந்துவந்து கையை நக்கியது. யாக்கூப் வாயைப் பிளந்தார். மெவ்லூத்துக்கோ மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. பெற்ற பிள்ளைகளே விட்டுவிட்ட பேச்சை ஒரு மாடு விடாமல் வைத்திருக்கிறதே!

மாட்டைத் திருப்பித் தர வேண்டாம், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மேலே வந்தால் வாரம் நாலு வார்த்தை சொல்லித் தருகிறேன் என்றாள் நாஜியே. எதிரே நின்று முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும், பின்னாலிருந்து அதட்டக் கூடாது, எங்கள் பேச்சுக்கு அதுதான் மரியாதை என்று கண்டிப்பாகச் சொன்னாள். மனைவியை இழந்து ஐந்து வருடமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் மனுஷன், பள்ளிக்கூடப் பையன்போல் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளி தவறவில்லை. முதலில் ‘வா’, ‘நில்’, ‘திரும்பு’. அப்புறம் மழை, பனி, புல்லின் ருசி. நாலாவது மாதம், ‘நேத்து நீ ஏன் முகம் வாட்டமா இருந்தே?’ என்று கேட்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“மாட்டுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்றார் மெவ்லூத்.

“வா, போன்னு ரெண்டே வார்த்தையில எந்த ஜீவனை வெச்சுக் காலம் தள்ள முடியும், அண்ணா?”

அதுவும் நியாயம்தான் என்று அவர் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். அங்கே அவருக்கு இப்போது வேறு பேச்சே கிடையாது. தன் வீட்டு மாடு ஒரு லாஸ்காரனுக்கே ஹோம்ஷெட்சி கற்றுக்கொடுத்த பெருமையை, கேட்டவர்கள் எழுந்து ஓடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

குளிர்காலம் தொடங்கியதும், யாக்கூப் தலைக்கு எண்ணெய் பூசி வாரிக்கொண்டு, இரண்டு பெரியவர்களோடு பெண் கேட்க வந்து உட்கார்ந்தார். மெவ்லூத் கனைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கடினமான ஹோம்ஷெட்சியில் வளைத்து வளைத்துக் கேள்வி கேட்டார். யாக்கூப் கால் மணி நேரம் தட்டுத்தடங்கல் இல்லாமல் பதில் சொன்னார். போதாக்குறைக்கு, இந்த வருஷம் தேயிலையில் பூச்சி விழுந்த புலம்பலையும் அதே பேச்சிலேயே புலம்பித் தீர்த்தார்.

மெவ்லூத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்ன சொல்லும் நின்றது, தங்கைக்கும் வாழ்வு வந்தது. சந்தோஷத்தில் அவருக்கு யாரைக் கட்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. பெண் கொடுக்கச் சம்மதம் என்றார்.

“எல்லாம் அந்த மாட்டோட புண்ணியம். கல்யாணத்தன்னிக்கு அது கழுத்துல நீலமணி கட்டணும், மாப்பிள்ளை. கண்ணு பட்டுடப் போகுது.”

யாக்கூப் நெளிந்தார். உறவாகப் போகிற வீட்டில் ஒளிவு மறைவு வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. முதல் பாடம் படிச்சுட்டுப் போன அன்னிக்கே, அதுக்குப் பின்னால என் தகர வாளி படியில உருண்டு தெருவே எழுந்துடுச்சு. மாடு அசையக்கூட இல்ல. அது பிறவிச் செவிடு.”

மெவ்லூத் தங்கையைத் தேடித் திரும்பினார். காபித் தட்டோடு வாசற்படியில் வந்து நின்ற நாஜியே மெல்லக் கேட்டாள்:

“அப்போ... உங்களுக்கும் தெரியுமா?”