ஐந்தாம் மாடிக் காற்று

சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், எஃகு ஆலைகள் சூழ்ந்த அந்த நகரத்தில், லாங் யூச்செங்குக்கு வீடு காட்டிக் காட்டித் தரகர் ஹான் களைத்துப்போனார்.

“ஏரிக்கரையில புது வீடு, லிஃப்டோட இருக்கு. அதே வாடகைக்கு இந்தப் பழைய கட்டடத்துல அஞ்சாம் மாடியா கேக்குறீங்க, ஐயா?”

“பொண்ணுக்கு ஆஸ்துமா. இதுதான் வேணும்.”

இருமும் மகளை முதுகில் சுமந்து படியேறி வந்த மனைவி மெய்லான் கணவரை முறைத்தாள்.

“ஆஸ்துமாக்காரிக்கு ஏத்த படிக்கட்டு! நல்லாத்தான் தேடியிருக்கீங்க.”

“இன்னொன்னும் சொல்லிடறேன்” என்றார் ஹான். “இங்க துணி காயப்போட முடியாது. எந்தக் கிறுக்கன் உத்தரவோ, தண்ணி லாரி பொழுதுக்கும் இந்தக் கட்டடத்தையே சுத்திச் சுத்திப் பீச்சியடிக்குது. கீழ கறி சுட்டு வித்தவனையும் வெரட்டிட்டாங்க. அடுப்புல கரி போட்டா அபராதமாம்.”

“பரவாயில்ல” என்று லாங் முன்பணத்தை நீட்டினார்.

குடிபுகுந்த வாரமே மகளின் இருமல் அடங்கிற்று. மெய்லானுக்கு வியப்புத் தாளவில்லை.

“ஊரே புகையில மூச்சுத் திணறுது. இங்க மட்டும் எப்படிங்க?”

“மொட்டை மாடியில காத்து மாசை அளக்குற கருவி இருக்கு. அதுல மாசு கம்மியாக் காட்டணும்னு தண்ணி பீச்சச் சொன்னது நான்தான்.”

“அடப்பாவி மனுஷா! ஊர் முழுக்கக் காத்து சுத்தமா இருக்குன்னுதானே உங்க சுற்றுச்சூழல் ஆபீஸ்லேருந்து தெனம் அறிக்கை அனுப்புறீங்க?”

“ஆமா” என்றார் லாங், தேநீரை ஆற்றியபடி. “அந்த அறிக்கையில இருக்கிற ஊரு, இந்த ஒரு கட்டடந்தான்.”