எட்டு ஓம்

காது முழுக்கப் போன பிறகும் ஜெரோம் கிதாரை விடவில்லை. கிதார் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப்பை முழுச் சத்தத்தில் வைத்து, ஸ்பீக்கர் பெட்டியின்மேல் வெறுங்காலை ஊன்றி, அதன் அதிர்விலேயே பாட்டைக் கேட்பான். இனிச் சத்தம் வந்தால் காலி செய்துவிடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஜெரோம் இல்லாத நேரம் பார்த்து, அவன் மனைவி ரோஸ்லின் மெக்கானிக் கபூரை அழைத்து ஸ்பீக்கரைக் கழற்றச் சொன்னாள்.

“சும்மா கழட்டினா ஆம்ப் எரிஞ்சிரும்க்கா. ஸ்பீக்கரோட மின்தடை எட்டு ஓம். அதே எட்டு ஓம்ல ஒரு ரெசிஸ்டர் மாட்டிடறேன். சத்தமெல்லாம் சூடாப் போயிரும். ஆம்ப்புக்கு வித்தியாசமே தெரியாது.”

மாலையில் ஜெரோம் சுவிட்சைப் போட்டான். வால்வுகள் சிவந்தன. பெட்டிமேல் காலை வைத்து வாசித்தவன் பாதியில் நிறுத்தி, சத்தத்தைக் கூட்டிவிட்டு மறுபடி வாசித்தான். மற்றொரு காலையும் வைத்துப் பார்த்தான். பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்த ரோஸ்லின்மேல் அனல் அடித்தது.

“சர்க்கரை ஏறினா கால் மரத்துப்போகும்னு டாக்டர் சொன்னாரே. ஆரம்பிச்சிருச்சு போல, ரோசி.”

அவள் உதட்டசைவைப் பார்த்துத்தான் அவனுக்குப் பேச்சு புரியும். பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்தான். ரோஸ்லின் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, அவன் காலைப் பிடித்துவிடத் தொடங்கினாள்.