எபனேசரின் பெல்ட்

இராணுவ நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல்தான் நிற்க வேண்டும். விடுதலையானால் மட்டுமே அவை திரும்பக் கிடைக்கும். கர்னல் கொலை வழக்கில் தூக்கா விடுதலையா என்று நாடே காத்திருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் நின்ற ஜெபராணியோ, வராந்தா மேசையில் கிடந்த தன் கணவன் எபனேசரின் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிப்பாய் ஒருவன் வந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடியதும், அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வெளியே வந்த எபனேசர் பெல்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசி ஓட்டையில் மாட்டியும் அது இடுப்பில் நிற்கவில்லை.

“அண்ணி, ஆணிய வச்சு இன்னொரு ஓட்டை போட்டுரட்டா?” என்றான் சிப்பாய்.

“பெல்ட்டுல கைய வைக்காதீங்க தம்பி,” ஜெபராணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “இவுக சாப்பிட்டு அதுக்குத் தக்கன வரட்டும்.”